ஏர்பஸ் சீட் வாங்கித் தருவதாகச் சொல்லி 4,75,000 ரூபாய் பறித்துவிட்டார்கள்: பைலட் நண்பர்களே, கவனம்

கோபம் கொஞ்சம் அடங்கட்டும், அப்புறம் எழுது என்று வீட்டில் சொன்னார்கள். அடங்கிவிட்டால் எழுத மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

4,75,000 ரூபாய். பைலட்டுகளுக்கு வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் ஒரு கன்சல்டன்சியிடம் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்கிறார். சென்னை விமான நிலையத்தை ஒட்டி ஜிஎஸ்டி ரோட்டில் மாடிப்படி ஏறிப் போகிற மாதிரி இருக்கும் மையங்களில் ஒன்று, அவ்வளவுதான். என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் ஏடிஆர் 72-600 என்ற சின்ன புரொப்பெல்லர் விமானத்தை ஓட்டும் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை பைலட். ஐந்து வருடம், 2,900 மணி நேரம். சென்னை பேஸ். சேலம், திருச்சி, தூத்துக்குடி என்று ஒரே நாளில் நான்கு செக்டர் (ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ஒரு தடவை பறப்பது) போய் வருவேன். சொந்த ஊர் கோவில்பட்டி. தூத்துக்குடியில் இறங்கும்போதெல்லாம் அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று ஒரு நிம்மதி வரும். வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஏடிஆரிலேயே இருந்தால் ஜெட் மணி நேரம் சேராது. எங்கள் கம்பெனியில் ஏடிஆரிலிருந்து ஏர்பஸ் ஜெட்டுக்கு மாற ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் நான் 14-வது ஆள். எப்போது கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

போட்டிக் கம்பெனிக்கு மாறுவதா வேண்டாமா என்று ஒரு வருடமாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். வெளியில் இருப்பவர்களுக்கு இது புரியாது. வேறு வேலையில் கம்பெனி மாறினால் சம்பளம் கூடும், பதவி கூடும். எங்களுக்கு அப்படி இல்லை. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் புதுக் கம்பெனியின் சீனியாரிட்டி பட்டியலில் கடைசி ஆளாகத்தான் போய் நிற்க வேண்டும். கமாண்ட் (கேப்டன் பதவி), பேஸ், லீவு எல்லாம் அந்த வரிசைப்படிதான் வரும். இங்கேயே இருந்தால் இன்னும் இரண்டு வருடத்தில் ஏடிஆரிலேயே இடது சீட், அதாவது கேப்டன் சீட், கிடைத்துவிடலாம். அங்கே போனால் ஏர்பஸ் கிடைக்கும், ஆனால் கமாண்டுக்கு எத்தனை வருடம் ஆகுமோ. அது போக, போகிற கம்பெனி நிலைக்குமா என்ற பயம் வேறு. கிங்ஃபிஷர் 2012-இல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில், கோ ஃபர்ஸ்ட் 2023 மேயில். ஜெட் நின்றபோது வீட்டில் உட்கார்ந்த சீனியர்களின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

இப்படிக் குழம்பிக்கொண்டிருந்தபோதுதான் 2025 டிசம்பர் வந்தது. பைலட்டுகளின் ஓய்வு நேர விதிகள் மாறி, போதுமான ஆள் இல்லாமல் சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தானதை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் இதே பேச்சு. எல்லா கம்பெனியும் ஆள் எடுக்கிறது, இப்போது மாறாவிட்டால் எப்போதும் இல்லை என்றார்கள். ஃப்ளையிங் ஸ்கூலில் எனக்கு ஜூனியராக இருந்த பையன் ஒருவன் இந்த கன்சல்டன்சியின் எண்ணை அனுப்பினான். அவனும் 25,000 ரூபாய் கட்டியிருக்கிறான் என்று பிறகுதான் தெரிந்தது. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஜனவரியில் ஒரு ஆஃப் நாளில் போனேன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் அந்த ஆளுக்கு. ஒரு காலத்தில் ஏர்லைன் ஆபரேஷன்ஸில் இருந்ததாகச் சொன்னார். "வாம்மா, உட்கார். சாப்பிட்டியா?" என்றுதான் ஆரம்பித்தார். டீ வந்தது. பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "லாக் புக் கொண்டு வந்தியா?" என்று கேட்டார்.

பறந்த நேரத்தையெல்லாம் நாங்கள் பதிந்து வைக்கும் புத்தகம் அது. நான் நம்பியது அந்த லாக் புக்கால்தான். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு ஸ்கேலை எடுத்து வரிக்கு வரி வைத்து, பக்கம் பக்கமாகப் பார்த்தார். அரை மணி நேரம் இருக்கும். 2023 அக்டோபர் பக்கத்தில் ஸ்கேல் நின்றது. "நைட் டோட்டல்ல நாற்பது நிமிஷம் கூட ஏத்தியிருக்கே பாரு. டிஜிசிஏ-ல யாராவது பார்த்தா வம்பு" என்றார். விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு அது. கூட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. இரண்டு வருடத்துக்கு மேலாக நானே கவனிக்காத தப்பு அது. பென்சிலால் மெல்லியதாக ஒரு கோடு போட்டு, இதைத் திருத்திவிடு என்றார். அந்த நிமிடத்தில் நான் விழுந்துவிட்டேன். என் லாக் புக்கை இவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறவர் என்னை ஏமாற்றுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம் தூத்துக்குடியைப் பிடித்துக்கொண்டார். "1,350 மீட்டர் ரன்வேயை இப்போ மூவாயிரத்துக்கு மேல நீட்டிட்டாங்க. இனிமே அங்கேயும் ஏர்பஸ் இறங்கும். ஏடிஆரை வெச்சுக்கிட்டு நீ எத்தனை நாள் இருப்பே?" ரன்வே நீட்டியது உண்மை. நான் பார்க்கப் பார்க்க வளர்ந்த வேலை அது. அவர் சொன்ன எல்லாவற்றிலும் பாதி உண்மை இருந்தது. அதனால்தான் மீதிப் பாதியை நான் சோதிக்கவில்லை.

போட்டிக் கம்பெனியில் எழுத்துத் தேர்வும் சிம் செக்கும் (சிமுலேட்டரில் ஓட்டிக் காட்டும் தேர்வு) எனக்கு வேண்டாமாம், அனுபவம் இருப்பதால் நேரடி நியமனமாம். முதலில் ப்ரொஃபைல் கட்டணம் 25,000. இரண்டு வாரம் கழித்து, ஏர்பஸ் ஏ320 டைப் ரேட்டிங்குக்கு (அந்த வகை விமானத்தை ஓட்டுவதற்கான தகுதி) சிம் ஸ்லாட் பிடிக்க 2,00,000. பிப்ரவரி தொடக்கத்தில் ஆஃபர் லெட்டர் மெயிலில் வந்தது. அந்தக் கம்பெனியின் லோகோ, கையெழுத்து, சேரும் தேதி எல்லாம் இருந்தன. அதைக் காட்டி, டைப் ரேட்டிங் டெபாசிட்டுக்கும் நோட்டீஸ் காலத்தைக் குறைத்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கவும் சேர்த்து 2,50,000 கேட்டார். கம்பெனிக் கணக்கு ஆடிட்டில் இருக்கிறது என்று சொல்லி வேறொரு பெண்ணின் பெயரில் இருந்த கணக்குக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். மொத்தம் 4,75,000 ரூபாய். அதில் 2,50,000 என் கல்யாண வளையல்களை அடகு வைத்து வாங்கியது. மாதா மாதம் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த என்ஓசி விஷயத்தில் நான் விழித்திருக்க வேண்டும். நம் எல்லாருக்கும் தெரிந்த விதிதானே. 2017-இல் டிஜிசிஏ கொண்டு வந்தது. கமாண்டருக்கு ஒரு வருடம், ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு ஆறு மாதம் நோட்டீஸ். பழைய கம்பெனி என்ஓசி கொடுக்காமல் புதுக் கம்பெனி எடுக்கக் கூடாது. நோட்டீஸைக் குறைப்பது நாம் வேலை பார்க்கும் கம்பெனியின் கையில் இருக்கிறது. வெளியில் இருக்கும் ஒரு ஆள் அதை முப்பது நாளாகக் குறைத்துத் தருகிறேன் என்றால் எப்படி முடியும்? கேட்டேன். "அதெல்லாம் உள்ளே நமக்கு ஆள் இருக்கும்மா. நீ முதல்ல பேப்பர் போடு. அந்த மெயில் காப்பி வந்தாத்தான் ஸ்லாட் உறுதியாகும்" என்றார். அன்று இரவே பேப்பர் போட்டுவிட்டேன், அதாவது ராஜினாமா. கணவர் இரண்டு நாள் பொறு என்றார். நான் கேட்கவில்லை.

பணம் போய்ச் சேர்ந்ததும் அவர் பேச்சு மாறியது. அதுவரை வாய்க்கு வாய் "அம்மா". அப்புறம் "மேடம்". முதல் வாரம் சிம் மெஷின் பழுது என்றார். அடுத்த வாரம் ஹெச்ஆர் ஹெட் வெளிநாட்டில் இருக்கிறார் என்றார். அப்புறம் பிராட் அண்ட் விட்னி என்ஜின் பிரச்சினையால் விமானங்கள் தரையில் நிற்கின்றன, அதனால் பேட்ச் தள்ளிப் போகிறது என்றார். 2023-இலிருந்து நாம் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிற செய்தி அது. பொய் என்று எப்படிச் சொல்வேன்? நேரில் போனால் வரவேற்பில் இருந்த பெண், "சார் டெல்லி போயிருக்கார், ஃபார்ம்ல உங்க குறையை எழுதிட்டுப் போங்க" என்று ஒரு தாளை நீட்டினாள். மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் அதே தாள். கடைசி தடவை உள்ளறையில் அவர் இருமும் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. "சார் இல்லைங்க" என்று அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். நான்காவதாகக் கேட்டபோது வாட்ஸாப்பில் பதில் வந்தது: "மேடம், நாங்கள் வழிகாட்டும் சேவை மட்டுமே தருகிறோம். கட்டிய தொகை திருப்பித் தரப்படாது."

உண்மை தெரிந்தது விமான நிலையத்தில்தான். செக்யூரிட்டி வரிசையில் பழைய கேப்டன் ஒருவரைப் பார்த்தேன். ஏடிஆரில் என்னோடு பறந்தவர், இரண்டு வருடம் முன்பு அதே போட்டிக் கம்பெனிக்கு மாறியவர். சார், நானும் அங்கேதான் வருகிறேன் என்று சந்தோஷமாகச் சொன்னேன். "எழுத்துத் தேர்வு எப்போம்மா எழுதினே?" என்றார். எனக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள் என்றேன். அவர் முகம் மாறியது. போனில் லெட்டரைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். "இந்தக் கையெழுத்துக்குக் கீழே போட்டிருக்கிற பதவியே எங்க கம்பெனியில கிடையாதும்மா. மெயில் முகவரியும் எங்களுது இல்லை" என்றார். அப்போதுதான் பார்த்தேன். கம்பெனி பெயருக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு 'கேரியர்ஸ்' என்று சேர்த்திருந்தார்கள்.

அன்று மாலை எனக்கு சேலம் போய் வர வேண்டும். கை சில்லிட்டுப் போயிருந்தது. இந்த மனநிலையில் காக்பிட்டில் உட்காரக் கூடாது என்று க்ரூ கன்ட்ரோலுக்கு போன் செய்து அன்ஃபிட் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் ராஜினாமாவைத் திரும்பப் பெற எழுதிக் கொடுத்தேன். நல்ல வேளை, நோட்டீஸ் காலம் ஆறு மாதம் என்பதால் இன்னும் வேலையில் இருந்தேன். எவ்வளவு திட்டியிருப்போம் அந்த விதியை! ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் பேப்பர் போட்ட அன்றே ஏர்பஸ் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்களாம். மறுபடி சேர்த்தபோது கடைசியில். 14-வதாக இருந்தவள் இப்போது 31. போன வாரம் 12 பேரை டைப் ரேட்டிங்குக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இன்னும் ஒரு பேட்ச் போனால் நான் போயிருப்பேன்.

சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு போன் செய்தேன், ஆன்லைனிலும் புகார் பதிந்தேன். கடைசித் தவணை அனுப்பி 41 நாள் ஆகிவிட்டது. அந்தக் கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை. நீங்களாகவே அனுப்பியது, நாங்கள் என்ன செய்ய முடியும் என்கிறது வங்கி. ஸ்டேஷனில் இது கொடுக்கல் வாங்கல் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. 4,75,000 ரூபாயில் இதுவரை ஒரு ரூபாய் வரவில்லை. அம்மாவிடம் வளையலைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். நாளைக் காலை 4:45-க்கு ரிப்போர்ட்டிங், தூங்க வேண்டும். அவசரமாகச் சிலது மட்டும்.

வேலைக்காக யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கம்பெனியின் சொந்த வெப்சைட்டில் அந்த ஆள் எடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மெயில் முகவரியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். தேர்வு இல்லை, சிம் செக் இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். தனி ஆள் கணக்குக்கு அனுப்பாதீர்கள். அங்கே வேலை பார்க்கும் ஒருவரிடம் லெட்டரைக் காட்டாமல் பேப்பர் போடாதீர்கள். ஏமாந்தது தெரிந்தால் அந்த நிமிடமே 1930-க்கு அடியுங்கள். என்னைப் போல ஆபீஸ் படி ஏறி ஏறி நாளைக் கடத்தாதீர்கள்.

என் எண்ணை அந்த கன்சல்டன்சி ஆள் பிளாக் செய்துவிட்டார். கணவர் எண்ணைச் செய்யவில்லை. இன்று மாலை அவர் போனில் அந்த ஆளின் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். "ஏ320 நேரடி நியமனம், மூன்று சீட் மட்டுமே மீதம்" என்று போட்டிருக்கிறார். கீழே ஒரு போட்டோ. மேசையில் யாருடைய லாக் புக்கோ திறந்திருக்கிறது, மேலே அதே ஸ்கேல்.