பிகாசா படங்களைப் புதிய செயலிக்கு மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

பழைய கணினியில் இன்னும் பிகாசா என்ற கூகுளின் பழைய படத் தொகுப்பு மென்பொருளில் குடும்பப் படங்களை வைத்திருப்பவர்கள், கடையில் கொடுத்து மாற்றும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடலூர் லாரன்ஸ் ரோடு பக்கம் ஒரு கணினிக் கடை, என் அப்பாவின் பல வருட உழைப்பை அழித்துவிட்டது.

கூகுள் 2016 மார்ச்சில் பிகாசாவைக் கைவிட்டது. அப்பா கைவிடவில்லை. தாத்தா காலத்துப் படங்களை ஸ்கேன் செய்து, தானே புயலில் சாய்ந்த பண்ருட்டிப் பலாத் தோப்பில் நிற்கும் உறவுக்காரர்கள் வரை, முகம் முகமாகப் பெயர் குறித்து வைத்தார். அந்த முகங்களில் பாதியை எங்களுக்கு அடையாளம் தெரியாது. கேட்க அப்பாவும் இப்போது இல்லை.

“எல்லாம் அப்படியே வந்துவிடும் சார்” என்று சொல்லித்தான் கடைக்காரர் பணம் வாங்கினார். படங்கள் மட்டும் வந்தன. ஒரு முகத்துக்கும் பெயர் இல்லை, ஆல்பங்கள் இல்லை. தாத்தாவின் கல்யாணப் படம் இந்த வருடத் தேதியில் நிற்கிறது. கேட்டால், “பழைய மென்பொருள், அவ்வளவுதான் வரும்” என்கிறார்.

அது பொய். முகக் குறிப்புகளையும் திருத்தங்களையும் பிகாசா ஒவ்வொரு ஃபோல்டரிலும் ‘பிகாசா ஐஎன்ஐ’ என்ற மறைவான சிறு கோப்பில் எழுதி வைக்கிறது. திருத்திச் சேமித்த படத்தின் அசல், ‘பிகாசா ஒரிஜினல்ஸ்’ என்ற மறைவான ஃபோல்டருக்குப் போகிறது. ஆல்பங்களும் பெயர்ப் பட்டியலும் விண்டோஸ் பயனர் கணக்குக்குள் தனியாக இருக்கின்றன. இவர் இவை எதையும் தொடாமல் ஜேபெக் படக் கோப்புகளை மட்டும் அள்ளியிருக்கிறார். படங்களுக்கு அப்பா எழுதிய விளக்க வரிகள் தப்பியதற்குக் காரணம், பிகாசா அவற்றைப் படக் கோப்புக்குள்ளேயே எழுதுவதுதான். கடைக்காரரின் திறமை அல்ல.

இதைக்கூடப் பொறுத்திருப்பேன். பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் மீண்டும் முயலலாமே! எங்களைக் கேட்காமல் அதை ஃபார்மட் செய்து, அதிலேயே புதிய விண்டோஸை ஏற்றிவிட்டார். மீட்டுத் தர இன்னொரு கட்டணம் கேட்கிறார்.

பிகாசா 3.9-இல் முகப் பெயர்களைப் படத்துக்குள்ளேயே பதியும் வசதி இருக்கிறது. முதலில் அதைச் செய்யுங்கள். டிஜிகேம் போன்ற இலவசச் செயலிகள் அந்தப் பெயர்களைப் படிக்கும். முழு டிஸ்க்கையும் மறைவான கோப்புகளோடு நகலெடுத்து, அசலை வீட்டிலேயே வைத்துக்கொண்டு நகலை மட்டும் கடைக்குக் கொடுங்கள். என்னென்ன மாற்றித் தருவார்கள் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். என் ரசீதில் ‘டேட்டா மாற்றம்’ என்று மட்டுமே இருக்கிறது. அதை வைத்துத்தான் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. இதே கடையில் ஏமாந்தவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.