ஆய்வேடு பைண்டிங்குக்கு பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை

அணுக்கரு இயற்பியலில் பிஎச்டி முடிக்கிறவர்களுக்கு, எம்.சி. ரோடு துணிக்கடை நெரிசலைத் தாண்டிச் சந்துக்குள் இருக்கும் இந்தக் கடையைத் தாராளமாகச் சொல்வேன். என் ஆய்வு, விண்மீனுக்குள் கார்பன்-12 ஓர் ஆல்பா துகளைப் (ஹீலியம் அணுக்கரு) பிடித்து ஆக்சிஜன்-16 ஆகும் வினை பற்றியது (1983-ல் நம்ம பிரசிடென்சி காலேஜில் படித்த சந்திரசேகரோடு நோபல் பகிர்ந்த ஃபவுலரும் இதில் பாடுபட்டவர்தான்). விண்மீனில் அது நடக்கும் 300 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் பக்கம் வினை நடக்கும் வாய்ப்பு மிகமிகக் குறைவு என்பதால் நேரடியாக அளக்க முடியாது, துகள்களை வேகமாக்கும் கருவியான முடுக்கியில் அதிக ஆற்றலில் அளந்து அங்கிருந்து கீழே கணித்துக்கொண்டு வர வேண்டும். அதனால் வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளியின் பிழைக்கோடும் (அளவீடு எவ்வளவு தவறலாம் என்று காட்டும் சின்னக் கோடு) முக்கியம். வேறொரு கடையில் அந்தக் கோடுகளே விழவில்லை, கேட்டால் “டோனர் அப்படித்தான் சார்” என்றார்கள். இங்கே அண்ணன் முதலில் ஒரு பக்கம் போட்டு, “கோடு தெரியுதா பாருங்க தம்பி” என்று காட்டிவிட்டுத்தான் மீதியை ஓட்டினார்.

ரெக்ஸின் அட்டை, தங்க எழுத்து எல்லாம் நேர்த்தி. கலர் பக்கத்துக்கு விலை கொஞ்சம் அதிகம்தான். போஸ்ட்டாக்குக்கு (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) ஜெர்மனி, ஜப்பான் என்று விண்ணப்பிக்கிறவர்கள் சான்றிதழ் ஸ்கேனையும் அப்படியே முடித்துக்கொள்ளலாம். அப்புறம், ஆடித் தள்ளுபடி நேரத்தில் மட்டும் அந்தப் பக்கம் வண்டியில் போகாதீர்கள்.