ஆன்-கிரிட், ஆஃப்-கிரிட், ஹைப்ரிட்: கைக்கு அடங்கும் சோலார் எது?

சோலார் போடப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ஒரு வாரம் மீட்டரைப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு ஒரு ரீடிங், மாலை ஆறு மணிக்கு ஒரு ரீடிங். ஒரு தாளில் எழுதி வந்தால் பகலில் எத்தனை யூனிட் ஓடுகிறது, இரவில் எத்தனை ஓடுகிறது என்று தெரிந்துவிடும். அந்தத் தாள் கையில் இல்லாமல் கொட்டேஷன் வாங்கினால், விற்பவரிடம் எந்தச் சரக்கு இருக்கிறதோ அதுதான் உங்களுக்குப் பொருத்தம் என்று முடிந்துபோகும்.

பேனல் இன்று மலிவாகிவிட்டது. 2010-க்கும் 2020-க்கும் இடையில் அதன் விலை உலகச் சந்தையில் ஏறத்தாழ 90 சதவீதம் இறங்கியது. வெயில் அடிக்கும்போது கரன்ட் எடுப்பதற்கு இப்போது பெரிய செலவு கிடையாது. எடுத்ததை இரவுக்குச் சேர்த்து வைப்பதற்குத்தான் செலவு. ஆன்-கிரிட், ஆஃப்-கிரிட், ஹைப்ரிட் என்ற மூன்று வகையும் இந்தச் செலவை எப்படிச் சமாளிக்கின்றன என்பதில்தான் பிரிகின்றன.

ஆன்-கிரிட்

பேனல், அது தரும் டி.சி. (ஒரே திசையில் ஓடும்) கரன்ட்டை வீட்டுக்கு ஏற்ற கரன்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டர், மீட்டர், அவ்வளவுதான். பேட்டரி கிடையாது. பகலில் வரும் கரன்ட்டை வீடு எடுத்துக்கொள்ளும், மீந்தது லைனுக்குப் போகும், இரவில் லைனிலிருந்து வாங்கிக்கொள்ளலாம். மூன்றில் மிக மலிவானது இதுதான். கெட்டுப்போகக்கூடிய பாகமும் இதில்தான் குறைவு.

எங்கள் வீட்டில் முதலில் போட்டதும் ஆன்-கிரிட்தான். போட்ட இரண்டாம் வாரம், உச்சி வெயிலில் கரன்ட் போனது. மாடியில் பேனல் கை வைக்க முடியாதபடி சுடுகிறது, கீழே ஃபேன் நிற்கிறது. இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. ஏதோ பழுது என்று நினைத்துப் பொருத்தியவருக்கு போன் போட்டேன். “அது அப்படித்தான் சார், லைன் வந்தால் தானாக வரும்” என்றார். விற்கும்போது இந்த ஒரு வாக்கியத்தை அவர் சொல்லியிருக்கலாம்.

அவர் சொன்னது உண்மைதான். லைனில் கரன்ட் இல்லாதபோது நம் வீட்டு இன்வெர்ட்டர் அதற்குள் மின்சாரத்தைத் தள்ளினால், கம்பத்தில் வேலை செய்துகொண்டிருப்பவரின் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் லைன் போன உடனே நின்றுவிட வேண்டும் என்று இந்த இன்வெர்ட்டர்களுக்கு விதியே இருக்கிறது. எனவே அடிக்கடி கரன்ட் போகும் இடத்தில் ஆன்-கிரிட் மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

இன்னொன்று, மீந்த யூனிட்டுக்கு என்ன கிடைக்கும் என்பது. நெட் மீட்டரிங் என்றால் அனுப்பிய யூனிட்டை வாங்கிய யூனிட்டிலிருந்து அப்படியே கழித்துவிடுவார்கள். லைனே உங்கள் பேட்டரி மாதிரி. நெட் பில்லிங் என்றால் அனுப்பியதற்கு ஒரு விலை, வாங்கியதற்கு வேறு விலை. பெரும்பாலும் அனுப்பியதன் விலைதான் குறைவு. முதல் வகையில் இரவுத் தேவைக்கும் சேர்த்துப் பேனல் போடலாம். இரண்டாவதில் பகல் தேவைக்கு மட்டும் அளவாகப் போடுவதுதான் புத்தி. உங்கள் இணைப்புக்கு எந்த விதி என்று தெரிந்துகொள்ளாமல் எத்தனை கிலோவாட் என்று முடிவு செய்யாதீர்கள்.

தொழில் செய்பவர்களுக்கு

கடை, அலுவலகம், பட்டறை எல்லாம் வெயில் நேரத்தில்தான் ஓடுகின்றன. பேனல் தரும் யூனிட் உடனுக்குடன் செலவாகிவிடும், சேர்த்து வைக்கத் தேவையே வராது. அதனால் இவர்களுக்கு ஆன்-கிரிட் வீடுகளைவிடச் சீக்கிரம் போட்ட பணத்தை எடுத்துத் தரும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்றால் உற்பத்தியில் ஏழில் ஒரு பங்கு ஆள் இல்லாத நாளில் வருகிறது என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் தொழில் இணைப்பின் பில்லில் வீட்டு பில்லில் இல்லாத கட்டணங்கள் இருக்கும். டிமாண்ட் சார்ஜ் என்பது மாதத்தில் ஒருமுறை எட்டிய உச்ச லோடுக்கான கட்டணம். மாதம் முழுக்க சோலார் ஓடினாலும், எல்லா மோட்டாரும் சுற்றும் நேரத்தில் ஒரு மேகம் கடந்து போனால் போதும், பழைய உச்சம் அப்படியே பதிவாகிவிடும். சோலார் வந்தால் இந்தத் தொகையும் குறையும் என்று யாராவது கொட்டேஷனில் எழுதித் தந்தால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

பவர் ஃபேக்டர் அடுத்தது, அதாவது லைனிலிருந்து இழுக்கும் மொத்த மின்சாரத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு. சாதாரண அமைப்பில் இன்வெர்ட்டர் கிலோவாட்டை மட்டும் தருகிறது, மோட்டார்களின் காந்தப்புலத்துக்கு வேண்டிய, நேரடியாக வேலை செய்யாத ரியாக்டிவ் பவர் பழையபடி லைனிலிருந்தே வருகிறது. லைனிலிருந்து வாங்கும் கிலோவாட் குறைந்து ரியாக்டிவ் மட்டும் அப்படியே நின்றால், மீட்டரில் பவர் ஃபேக்டர் இறங்கும். சில பட்டறைகளில் சோலார் போட்ட பிறகு அபராதம் வருவது இதனால்தான். ரியாக்டிவ் பவரை அங்கேயே தரும் கெப்பாசிட்டர் பெட்டியைச் சரிசெய்தோ, இன்வெர்ட்டரிலேயே செட்டிங் மாற்றியோ தீர்க்கலாம். முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

டீசல் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள், கரன்ட் போனால் ஜெனரேட்டரோடு சேர்ந்து சோலாரும் ஓடுமா என்று கேட்கிறார்கள். ஓடும், ஆனால் நடுவில் ஒரு கன்ட்ரோலர் வேண்டும். அது இல்லாவிட்டால் சோலார் லோடு முழுவதையும் எடுத்துக்கொண்டு ஜெனரேட்டருக்கே மின்சாரத்தைத் திருப்பித் தள்ளிவிடும். வழக்கமாக ஜெனரேட்டருக்கு 30 சதவீதம் லோடாவது இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். அப்படி வைத்தாலும் மிச்சமாகும் டீசல் கொஞ்சமல்ல.

ஆஃப்-கிரிட்

லைனோடு தொடர்பே இல்லாமல் பேனலையும் பேட்டரியையும் மட்டும் நம்பி ஓடுவது இது. லைனே வராத இடத்துக்கு இதைத் தவிர வேறு வழியில்லை. லைன் இருக்கும் வீட்டில் “மின் இணைப்பையே துண்டித்துவிடலாம்” என்று ஆசைப்பட்டு இதைப் போடுவதை நான் ஆதரிப்பதில்லை. மதியம் ஒரு மணிக்கு பேட்டரி நிறைந்துவிட்டால் அதற்கு மேல் அடிக்கும் வெயில் எல்லாம் வீண். மூன்று நாள் மேகம் மூடினால் வீடே இருட்டு. அந்த மூன்று நாளுக்காக பேட்டரியைப் பெரிதாக்கினால் மீதி நாளெல்லாம் அது சும்மா கிடக்கும். கட்டாயம் ஆஃப்-கிரிட்தான் என்றால், பேட்டரியை ஒரு இரவுக்கு அளவாக வைத்து, மலிவான பேனலைக் கூடுதலாகப் போட்டு, மோசமான நாட்களுக்கு ஒரு சின்ன ஜெனரேட்டர் வைத்துக்கொள்வதுதான் செலவு குறைந்த வழி.

லெட்-ஆசிட் பேட்டரியா, லித்தியமா என்பதில் எல்லோரும் தடுமாறுவது கடையில் கேட்கும் விலையைப் பார்த்துத்தான். கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் போடுவோம். இரவுக்கு 6 யூனிட் வேண்டும். லெட்-ஆசிட் பேட்டரியின் சார்ஜைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், எனவே 12 யூனிட் கொள்ளளவு வாங்க வேண்டும். 12 வோல்ட் 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒன்றில் இருப்பது 1.8 யூனிட். ஏழு வேண்டும், 48 வோல்ட் அமைப்பென்றால் நான்கு நான்காகச் சேர்க்க வேண்டும் என்பதால் எட்டு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியை 90 சதவீதம் வரை இறக்கலாம், எனவே 7 யூனிட் போதும். லெட்-ஆசிட் சுமார் 1,500 முறை ஏறி இறங்கும் என்று வைத்தால் வாழ்நாளில் தருவது 9,000 யூனிட். லித்தியத்துக்கு 4,000 முறை என்று வைத்தாலே 24,000 யூனிட். ஆக, லித்தியம் இரண்டரை மடங்கு விலை சொன்னாலும் ஒரு யூனிட்டுக்கு ஆகும் செலவில் அதுதான் ஜெயிக்கும். தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. மொத்தப் பணத்தை இப்போது புரட்ட முடியாதவர், அல்லது கரன்ட் எப்போதாவதுதான் போகும் இடத்தில் இருப்பவர், லெட்-ஆசிட் வாங்கினால் தவறில்லை.

சின்ன அமைப்புகளில் பணம் வீணாகும் இடம் ஒன்று உண்டு, பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர். 30 வோல்ட் பேனலை 12 வோல்ட் பேட்டரிக்கு பி.டபிள்யூ.எம். வகை கன்ட்ரோலர் வழியாக மாட்டினால், அது பேனலை பேட்டரியின் வோல்ட்டுக்கே இறக்கிவிடுவதால் பேனலின் சக்தியில் பாதிக்கு மேல் போய்விடும். இந்த இடத்தில் கூடுதல் வோல்ட்டைக் கரன்ட்டாக மாற்றித் தரும் எம்.பி.பி.டி. வகைதான் வேண்டும். விலை கூடுதல்தான், ஆனால் பாதி பேனலைத் தூக்கிப் போடுவதைவிட மலிவு.

ஹைப்ரிட்

லைனும் உண்டு, பேட்டரியும் உண்டு. கரன்ட் போனால் சில மில்லி விநாடிகளில் மாறிக்கொள்ளும். விலையைக் கேட்டதும் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள், ஏனென்றால் வீடு முழுவதையும் பேட்டரியில் ஓட்டுவதாகக் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். அது தேவையே இல்லை. விளக்கு, ஃபேன், ஃப்ரிட்ஜ், இன்டர்நெட் ரவுட்டர் இவற்றை மட்டும் தனி சர்க்யூட்டாகப் பிரித்து எடுங்கள். சராசரியாக 500 வாட் என்று வைத்தால் நான்கு மணி நேரத்துக்கு 2 யூனிட். மூன்று யூனிட் லித்தியம் பேட்டரி தாராளம். ஏ.சி., ஹீட்டர் எல்லாம் லைன் பக்கமே இருக்கட்டும். எலக்ட்ரீஷியனின் ஒரு நாள் வேலைதான், ஆனால் பேட்டரிச் செலவில் பாதிக்கு மேல் மிச்சம். ஃப்ரிட்ஜ் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது சில மடங்கு கரன்ட் இழுக்கும், அதை இன்வெர்ட்டர் தாங்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போதைக்குப் பணம் இல்லை, பின்னால் பார்க்கலாம் என்பவர்கள் ஹைப்ரிட் இன்வெர்ட்டரை மட்டும் வாங்கி ஆன்-கிரிட்டாக ஓட்டலாம், பேட்டரியைப் பிறகு சேர்க்கலாம். நான் மறுபடி போடுவதாக இருந்தால் இப்படித்தான் செய்வேன்.

பேனலும் நிழலும்

பேனல் வகைகளைப் பற்றி அதிகம் மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பாலி வகை ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது, இருப்புச் சரக்காக மலிவாக வந்தாலும் அதே வாட்டுக்கு இடம் அதிகம் பிடிக்கும். இப்போது பெரும்பாலும் கிடைப்பவை மோனோ பெர்க், டாப்கான் என்ற இரண்டு வகை செல்கள். பேனலில் அச்சிட்ட வாட் கணக்கு, செல் 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்தது. கடும் வெயிலில் செல் 65 டிகிரி வரை போகும். ஒவ்வொரு டிகிரிக்கும் மோனோ பெர்க் சுமார் 0.35 சதவீதம் இழக்கும், டாப்கான் சுமார் 0.30. அந்த 40 டிகிரி வித்தியாசத்தில் ஒன்று 14 சதவீதம் இழக்கிறது, மற்றது 12. விலை வித்தியாசம் சொற்பமாக இருந்தால் டாப்கான் எடுங்கள். அதிகம் கேட்டால் பெர்க் போதும்.

நிழல்தான் உண்மையான எதிரி. நண்பர் வீட்டு மாடியில் எட்டு பேனல், எல்லாம் ஒரே வரிசையாகக் கோர்த்தது. மூன்று மணிக்குத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஓரத்துப் பேனலின் கீழ்ப்பக்கத்தில் ஒரு சாண் அளவு விழுந்தது. கையிலிருந்த ஆப்பில் வாட் எண்ணிக்கை கண்ணெதிரே இறங்கியது. பேனலுக்குள் இருக்கும் பைபாஸ் டயோடு நிழல் பட்ட பகுதியை ஒதுக்கிவிடுவதால் ஒரு சாண் நிழலுக்கு ஒரு பேனலின் மூன்றில் ஒரு பங்கு, சில கோணங்களில் முழுப் பேனலுமே போய்விடுகிறது. நிழலைத் தவிர்க்கவே முடியாத கூரைக்கு பேனலுக்கு ஒன்றாக மாட்டும் மைக்ரோ இன்வெர்ட்டரோ, ஒவ்வொரு பேனலையும் தனித்தனியாகச் சமாளிக்கும் ஆப்டிமைசரோ கூடுதல் செலவுக்குத் தகும். திறந்த கூரைக்கு அவை வீண் செலவு, வரிசை முழுவதுக்கும் ஒரே ஸ்ட்ரிங் இன்வெர்ட்டர் போதும்.

கூரையே சொந்தமில்லாத வாடகை வீட்டுக்காரர்களுக்கு பால்கனி சோலார் என்று ஒன்று உண்டு. ஓரிரு பேனலை பால்கனியில் கட்டி பிளக் பாயின்ட்டில் சொருகிவிடுவது. ஜெர்மனியில் இது லட்சக்கணக்கில் பரவியிருக்கிறது, 2024-இல் அங்கே 800 வாட் இன்வெர்ட்டர் வரை அனுமதித்தார்கள். எல்லா நாட்டிலும் அனுமதி கிடையாது, விதியைப் பார்த்துவிட்டுத்தான் சொருக வேண்டும். வெந்நீர்தான் பெரிய செலவு என்பவர்களுக்குச் சூரிய வெந்நீர் அமைப்பு தனி வழி.

கொட்டேஷன் ஒப்பிடும்போது

வாட்டுக்கு என்ன விலை என்று பார்த்தால் மலிவான சரக்குதான் எப்போதும் முதலிடத்தில் நிற்கும். யூனிட்டுக்கு என்ன விலை என்று பாருங்கள். ஒரு கிலோவாட் நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தருகிறது என்று வைத்தால் வருடத்துக்கு 1,460. வருடாவருடம் அரை சதவீதம் தேய்ந்தாலும் 25 வருடத்தில் சுமார் 34,000 யூனிட். மொத்தச் செலவோடு நடுவில் ஒருமுறை இன்வெர்ட்டர் மாற்றும் செலவையும் கூட்டி, இந்த எண்ணால் வகுத்துப் பார்த்து, இப்போது கட்டும் கட்டணத்தோடு ஒப்பிட்டால் போதும். பேனலில் பேரம் பேசலாம். எர்த்திங், மின்னல் போன்ற திடீர் வோல்ட் உயர்விலிருந்து காக்கும் சர்ஜ் புரொடெக்டர், டி.சி. வயர், கனெக்டர் இவற்றில் மட்டும் யாரும் கை வைக்க விடாதீர்கள். கூரை மேல் ஓடுவது பல நூறு வோல்ட் டி.சி., அதில் தளர்ந்த ஒரு கனெக்டர் தீயைக் கொண்டுவரும்.

பணத்தைப் பொறுத்தவரை, ரொக்கமாகப் போட முடிந்தால் யூனிட் விலை மிகக் குறைவு. கடன் என்றால் மாதத் தவணை மாதச் சேமிப்பைத் தாண்டாத அளவுக்கு அமைப்பைச் சுருக்குங்கள். நீங்கள் பணமே போடாமல், வேறு நிறுவனம் உங்கள் கூரையில் பேனல் வைத்து யூனிட் கணக்கில் விற்கும் பி.பி.ஏ. ஒப்பந்தம் தொழில்களுக்குக் கவர்ச்சியாகத் தெரியும். முதல் வருட விலை உண்மையிலேயே நன்றாக இருக்கும். ஆனால் ஆண்டுக்கு 3 சதவீதம் உயர்வு என்று ஒரு வரி இருந்தால் 20-ஆம் ஆண்டில் அதே யூனிட்டின் விலை 1.75 மடங்கு. கையெழுத்துப் போடுமுன் இன்னும் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். இடத்தை விற்றால் ஒப்பந்தம் யாருக்குப் போகும்? நடுவில் விலக நினைத்தால் எவ்வளவு கட்ட வேண்டும்? கூரை ஒழுகினால் பேனலைக் கழற்றி மறுபடி மாட்டும் செலவு யாருடையது?