கழுவினால் காசுக்கு வயது குறையுமா?

புதுச்சேரியில் பழைய பொருள் விற்கும் கடைகளில் யாராவது நாணயத்தைக் கொடுத்துவிட்டு வரப் போகிறீர்கள் என்றால், கொஞ்சம் நின்று இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. என் கையில் இருக்கும் ரசீது எனக்கு உதவுவதைவிட கடைக்காரருக்குத்தான் உதவும். ஏன் என்று பின்னால் வரும்.

நான் ஒன்றும் பெரிய சேகரிப்பாளன் இல்லை. கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு பீரோவில் ஒரு பிஸ்கட் டப்பா. அதில் தாமரை போட்ட மஞ்சள் 20 காசுகள், சதுர ஒரு பைசாக்கள், ஒரு பக்கம் லில்லிப் பூவும் மறுபக்கம் தமிழில் ‘புதுச்சேரி’ என்றும் போட்ட ஒரு செம்புத் துட்டு. இதையெல்லாம் யார் கேட்டாலும் காட்டுவேன், பிள்ளைகள் ஆசைப்பட்டால் ஒன்றிரண்டு கொடுத்தும் விடுவேன். டப்பாவில் சேராத காசு ஒன்றே ஒன்று. அது பூஜை அலமாரியில், ஆயாவின் வெற்றிலைப் பெட்டிக்குள் இருந்தது.

வீட்டில் அதற்கு ‘சைகோன் வெள்ளி’ என்று பெயர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இந்தோசீனாவின் (இன்றைய வியட்நாம் பக்கம்) பியாஸ்தர் என்ற வெள்ளி நாணயம், 1908 வருஷத்தது. அம்மாவின் அப்பா சைகோனில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து அந்தக் காலத்தில் அங்கே வேலைக்குப் போனவர்கள் நிறையப் பேர். முதல் சம்பளத்தில் எடுத்து வைத்த காசு இது என்று ஆயா சொல்வார். தலையில் கதிர்க் கிரீடத்தோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். அவள் பிரெஞ்சுக் குடியரசின் உருவம். ஆனால் ஆயாவுக்கும் அப்புறம் அம்மாவுக்கும் அவள் லட்சுமிதான். வெள்ளிக்கிழமை தவறாமல் குங்குமம். எழுத்து இடுக்கிலெல்லாம் குங்குமம் ஏறி இறுகிப் போயிருந்தது.

அந்தப் பெண்ணின் முழங்காலுக்குக் கீழே ஒரு சின்னப் பள்ளம், விளிம்பை ஒட்டி இன்னொன்று. “தாத்தா கடிச்சுப் பார்த்த தடம்டா. வெள்ளி நல்லதான்னு பார்க்கக் கடிச்சாரு” என்பார் ஆயா. நான் தாத்தாவைப் பார்த்ததே இல்லை. சின்ன வயதில் அந்தப் பள்ளத்தில் என் பல்லை வைத்துப் பார்த்திருக்கிறேன். உப்பும் குங்குமமும் கலந்த மாதிரி ஒரு ருசி.

இந்த வருஷம் அம்மாவுக்கு 80 ஆகிறது. காசைக் கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டியில் வைத்துக் கொடுக்கலாம் என்று எனக்கு ஆசை. அதற்காகத்தான் அந்தக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் விஷயம் தெரிந்தவர். லென்ஸை வைத்துப் பார்த்தவுடனே, “சார், இது பல் தடம் இல்ல. சீனாக்காரன் முத்திரை” என்றார். அந்த நாளில் வெள்ளிக் காசு கை மாறும்போது சீன வியாபாரிகளும் காசு பார்த்து வாங்கும் ஷராப்புகளும் அதைச் சோதிப்பார்களாம். நல்ல வெள்ளி என்று தெரிந்ததும் தங்கள் அடையாளத்தைக் குத்திவிடுவார்களாம். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், அவர் சொன்னது சரிதான். ஐம்பது வருஷமாக எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாததைச் சொன்னவர் என்பதால் அவர்மேல் இன்னமும் ஒரு ஓரத்தில் மரியாதை இருக்கிறது. அந்த மரியாதையில்தான் ஏமாந்தேன்.

“பெட்டி செய்ய நாலு நாள் ஆகும், காசு அளவுக்குத் தோண்டணும், வெச்சுட்டுப் போங்க” என்றார். ரசீது கேட்டேன், கொடுத்தார். ‘பழைய காசு – 1, பெட்டி – 1.’ வருஷம் இல்லை, எடை இல்லை, முத்திரையைப் பற்றிப் பேச்சே இல்லை. நானும் படித்துப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். புத்தி எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

நாலாம் நாள் பெட்டியை வாங்கிக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன். காசு பளபளவென்று இருந்தது. துடைத்துவிட்டாரே, குங்குமம் போயிற்றே என்று கொஞ்சம் வருத்தம், அவ்வளவுதான். அரியாங்குப்பம் தாண்டும்போது மூடியைத் திறந்து பழக்கதோஷத்தில் கட்டைவிரலால் தடவினேன். விரல் பள்ளத்தைத் தேடியது. இல்லை. விளிம்பில் தேடினேன். அங்கேயும் இல்லை. அப்புறம்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வருஷத்தைப் பார்த்தேன். 1926.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிப் போனேன்.

முதலில், “பாலிஷ் போட்டோம் சார், அதுல தேஞ்சிருக்கும்” என்றார். கழுவினால் காசுக்கு 18 வயது குறையுமா என்று கேட்டேன். உடனே பேச்சு மாறியது. கடைப் பையன் தெரியாமல் விற்றுவிட்டானாம், வாங்கியவர் வெளிநாட்டுக்காரராம், ஊருக்கே போய்விட்டாராம். 100 வருஷத்துக்கு மேற்பட்ட நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. இது அவருக்குத் தெரியாமல் இருக்காது. சொன்னேன். அதற்கு வந்த பதிலைத்தான் மறக்க முடியவில்லை.

“உங்களுது குத்துப்பட்ட காசு. நான் வெச்சது அப்பழுக்கில்லாத காசு. லாபம் உங்களுக்குத்தான சார்?”

இதில் கொடுமை என்னவென்றால், அவர் கொடுத்தது போலி இல்லை. பியாஸ்தர் தன் எடையைத் தானே சொல்லும் காசு. வெள்ளியின் தரம் 0.900, எடை 27 கிராம் என்று பிரெஞ்சில் அதன்மேலேயே அச்சடித்திருக்கும். போலிகள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும். தெரிந்த நகைக்கடையில் தராசில் வைத்துப் பார்த்தேன், எடை சரியாக இருந்தது. காந்தமும் ஒட்டவில்லை. அதே அளவு வெள்ளி, அதே பெண், அதே கிரீடம். சந்தையில் பலர் குத்துப்படாத காசுக்குத்தான் அதிகம் கொடுப்பார்கள். முத்திரை குத்திய காசுகளை மட்டும் தேடிச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பையன் தெரியாமல் விற்றான் என்பதை அதற்கப்புறம் நான் நம்பவில்லை.

வக்கீல் நண்பரிடம் ரசீதைக் காட்டினேன். சிரித்தார். “பழைய காசு ஒண்ணு கொடுத்தே, பழைய காசு ஒண்ணு வந்துடுச்சு. ரசீதுப்படி என்னடா குறை?” படம் இருக்கிறதா என்றார். பேத்தி உள்ளங்கையில் காசை வைத்துக்கொண்டு சிரிக்கும் படம் ஒன்று இருக்கிறது. அதில் பேத்தி தெளிவு, காசு ஒரு வெள்ளைப் பொட்டு. கொடுப்பதற்கு முன்னால் இரண்டு பக்கமும் போனில் நாலு படம் எடுத்து, தராசில் வைத்து, வருஷத்தையும் எடையையும் பள்ளம் இருக்கும் இடத்தையும் ரசீதில் எழுத வைத்திருந்தால் இன்றைக்கு வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். அதைவிட, பெட்டிக்குக் காசையே விட்டுவிட்டு வர வேண்டிய அவசியம் இல்லை. குறுக்களவு 39 மில்லிமீட்டர் என்று சொன்னால் போதும், தச்சர் தோண்டிக் கொடுத்துவிடுவார். இது எனக்குத் தோன்றியது பஸ்ஸில்.

கடைக்காரர் மேலே 1000 ரூபாய் தருகிறேன் என்றார். வாங்கவில்லை.

அம்மாவிடம் சொல்லாமல் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். அவருக்குக் கண்புரை, பார்வை மங்கல். வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்து கொடுத்தேன். குங்குமம் தொட்ட விரலை வைத்தார், கொஞ்சம் நகர்த்தினார், மறுபடி நகர்த்தினார். “அப்பா பல்லு எங்கடா?” என்றார்.

அதனால் இது எச்சரிக்கை மட்டும் இல்லை, விண்ணப்பமும்தான். 1908 பியாஸ்தர், முழங்காலுக்குக் கீழே ஒரு முத்திரை, விளிம்பை ஒட்டி இன்னொன்று, எழுத்து இடுக்கில் குங்குமம். காந்தி வீதி ஞாயிறு சந்தையிலோ வேறு எங்கேயோ யார் கண்ணிலாவது பட்டால் சொல்லுங்கள். இந்த அப்பழுக்கில்லாத 1926-ஐயும் கொடுத்து, கேட்கும் பணத்தையும் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.