மூட்டுவலிக்கு எந்த மெத்தை? கடையில் வாங்கும் ஒரே கட்டி மெத்தையும் வீட்டில் அடுக்கும் லேடெக்ஸ் (ரப்பர் நுரை) மெத்தையும்

மெத்தைக் கடையில் முதலில் கேட்கும் கேள்வி, "கெட்டியாக வேண்டுமா, மெத்தென்று வேண்டுமா?" என்பது. மூட்டுவலி உள்ளவரிடம் கேட்கவே கூடாத கேள்வி அது. அவருக்கு இரண்டும் வேண்டும். தோளும் இடுப்பெலும்பும் அழுந்துகிற மேல் இரண்டு அங்குலம் இறங்கிக் கொடுக்க வேண்டும். உடலின் பாரத்தை வாங்குகிற அடிப்பகுதி இறங்கவே கூடாது. ஒரே பொருளை ஒரே கட்டியாக வார்த்துவிட்டு இந்த இரண்டு வேலையையும் அதனிடம் எதிர்பார்ப்பதில்தான் பெரும்பாலான மெத்தைகள் தோற்கின்றன.

அம்மாவுக்கு 67 வயது. இரண்டு முழங்காலிலும் எலும்புத் தேய்மானம். வலது தோளில் வலி இருப்பதால் இடதுபுறம் ஒருக்களித்தே படுப்பார். அப்படிப் படுத்தால் இடது இடுப்பெலும்பு குத்தும். இரவு இரண்டு மணிக்கு விளக்குப் போடாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவருக்காக மூன்று ஆண்டுகளில் எங்கள் வீட்டிலும் உறவினர் வீடுகளிலும் பயன்படுத்திப் பார்த்த மெத்தைகளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இலவம்பஞ்சு மெத்தையைச் சீக்கிரமே சொல்லி முடித்துவிடலாம். போடிநாயக்கனூர்ப் பஞ்சை நிறைத்த புது மெத்தையின் சுகத்துக்கு ஈடில்லை. சூடு பிடிக்காது, வெயிலில் போட்டால் உப்பி எழும். ஆனால் சில மாதங்களிலேயே பாரம் விழும் இடத்தில் பஞ்சு விலகி, இடுப்பு நேராகப் பலகையைத் தொடும். ஆண்டுதோறும் பிரித்து அடித்து நிறைக்க ஆள் கிடைக்கிற வீட்டுக்கு அது நல்ல மெத்தைதான். எங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை.

தேங்காய் நாரா, மெமரி ஃபோமா?

நார் மெத்தையை எல்லோரும் அறிவோம். தேங்காய் நாரின் மேல் ரப்பர் பாலைத் தெளித்து அழுத்திச் செய்வது. காற்றோட்டம் அருமை; நாகர்கோவிலின் புழுக்கத்துக்கு அதைவிடக் குளிர்ச்சியான மெத்தை கிடைப்பது கடினம். "முதுகுவலியா, நார் மெத்தையில் படு" என்று நாம் வழக்கமாகச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. அது தொய்யாது, அதனால் முதுகைத் தாங்கும். தோள்பட்டையைப் பற்றி மட்டும் அதற்குக் கவலையே இல்லை. ஒருக்களித்துப் படுப்பவரின் பாரம் முழுவதும் தோள், இடுப்பு, முழங்காலின் பக்கவாட்டு எலும்பு ஆகிய மூன்று சிறிய இடங்களில் விழுகிறது. அந்த மூன்று இடங்களையும் நார் மெத்தை விறைப்பாகத் திருப்பித் தள்ளுகிறது.

கட்டாந்தரைதான் முதுகுக்கு மருந்து என்ற நம்பிக்கையை 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று சோதித்துப் பார்த்தது. நாள்பட்ட கீழ்முதுகுவலி உள்ள 313 பேருக்கு விறைப்பான மெத்தையும் நடுத்தர விறைப்பான மெத்தையும் கொடுத்து 90 நாள் கழித்து ஒப்பிட்டார்கள். நடுத்தர மெத்தையில் படுத்தவர்களே கூடுதல் முன்னேற்றம் கண்டார்கள். அது முதுகைப் பற்றிய ஆய்வு, மூட்டைப் பற்றியது அல்ல. ஆனாலும் "எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது" என்று இனி யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

மெமரி ஃபோம் இதற்கு நேர் எதிர். 1966இல் நாசாவுக்காக விமான இருக்கைகளை மேம்படுத்தும் ஆராய்ச்சியில் பிறந்த பொருள் அது. உடல் சூட்டில் இளகி, உடம்பின் வடிவத்துக்கே குழிந்துகொள்ளும். அண்ணன் வீட்டில் அம்மா அதில் முதல் நாள் படுத்தபோது இடுப்பு குத்தவே இல்லை. மூன்றாம் நாள், "நன்றாகத்தான் இருக்கிறது மக்களே, ஆனால் புரண்டு படுக்க முடியவில்லை" என்றார். இது முக்கியமான குறை. குழிந்த இடம் மெதுவாகத்தான் மேலே எழும். புரளும்போது அந்தக் குழியின் விளிம்பைத் தாண்டி ஏற வேண்டும். அதற்குத் தோளையும் முழங்காலையும் ஊன்ற வேண்டும். வலியே அந்த இரண்டு இடங்களில்தான். இளைஞருக்கு இது பெரிதாகத் தெரியாது, மூட்டுவலிக்காரருக்கு ஒவ்வொரு புரளலும் ஒரு வேலை. நம் ஊர் வெயிலில் சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊட்டிக் குளிரிலோ அது இறுகிவிடும். வெப்பத்துக்கேற்ப குணம் மாறுவது அதன் இயல்பு.

சாதாரண பி.யூ. (பாலியூரித்தேன்) ஃபோமுக்கு இந்த ஒப்பீட்டில் இடம் தருவதற்கில்லை. விலை குறைவு என்பதைத் தவிர மூட்டுவலிக்கு அதில் ஒன்றுமில்லை.

லேடெக்ஸ்: கட்டியா, அடுக்கா?

நாங்கள் ரப்பர் நாட்டுக்காரர்கள். குமரி மாவட்டத்தின் குலசேகரம், திற்பரப்பு பக்கம் விடியற்காலையில் பால் வெட்டுவதையும், மரத்தில் கட்டிய சிரட்டையில் பால் சொட்டுவதையும் பார்த்தே வளர்ந்தவர்கள். மரத்திலிருந்து இறங்கும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். அதைச் சுழற்றிப் பிரித்து 60 சதவீதமாகச் செறிவூட்டி, முட்டை நுரைபோல் அடித்து, அச்சில் ஊற்றி, ஆவியில் வேகவைத்தால் அதுதான் லேடெக்ஸ் நுரை. 1929இல் டன்லப் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இந்த முறை உருவானது. நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் "டன்லப் மெத்தை" என்று சொல்வது அதனால்தான். ஷீட் முழுக்கத் தெரியும் சிறு துளைகள் அச்சில் உள்ள ஊசிகளால் வருபவை. உள்ளே வரை சூடு பாயத்தான் அந்த ஊசிகள். காற்றோட்டம் நமக்குக் கிடைக்கும் உபரி லாபம். டலலே என்ற இன்னொரு முறையில் வெற்றிடத்தில் உப்பவைத்து உறையவைப்பார்கள். அது இன்னும் மென்மையாக வரும், விலையும் கூடுதல். மேலடுக்குக்கு மட்டும் அதை யோசிக்கலாம். மற்றபடி டன்லப் முறையே போதும்.

லேடெக்ஸ் அழுத்தினால் இறங்கும், விட்ட கணமே எழும். தோளுக்கு இடம் கொடுக்கவும் செய்யும், புரளும்போது கூடவே தூக்கியும் விடும். மூட்டுவலிக்கு இந்த இரண்டாவது குணம்தான் பெரிய வரம்.

சித்தி வீட்டில் ஆறு அங்குல லேடெக்ஸை ஒரே கட்டியாக வாங்கினார்கள். நல்ல பொருள்தான். ஆனால் சித்தப்பாவின் உடல்வாகுக்குப் பொருந்தியது சித்திக்குப் பொருந்தவில்லை. அவருக்குத் தோள் மரத்துப் போகிறது. அந்தக் கட்டியை இனி என்ன செய்ய முடியும்? ஒன்றும் செய்ய முடியாது. அதைப் பார்த்த பிறகுதான் நான் அடுக்கும் வழிக்கு வந்தேன்.

எங்கள் அடுக்கு இது: 72க்கு 36 அங்குல அளவில், இரண்டு அங்குலத் தடிமனில் மூன்று ஷீட்டுகள். அடியில் 90 டென்சிட்டி, நடுவில் 80, மேலே 65. டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு. ஒரே முறையில் செய்த கலப்பில்லாத ஷீட்டில் எண் ஏற ஏற விறைப்பும் ஏறும். ஒட்டுப் பசை எதுவும் வேண்டாம். ரப்பரும் ரப்பரும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நகராமல் இருக்கும். மூன்று பக்கமும் ஜிப் வைத்த உறைக்குள் அடுக்கி மூடினால் மெத்தை தயார்.

முதல் வாரம் இடுப்புக் குத்தல் நின்றுவிட்டது. இரண்டாம் வாரம் கீழ்முதுகு வலிக்கிறது என்றார். இடுப்பு தேவைக்கு மேல் இறங்குகிறது என்று அதற்குப் பொருள். ஜிப்பைத் திறந்து மேலே இருந்த 65ஐ நடுவுக்கும் நடுவில் இருந்த 80ஐ மேலேயும் மாற்றினோம். நானும் அப்பாவும் சேர்ந்து கால் மணி நேரத்தில் முடித்தோம். மெல்லிய அடுக்கு ஒரு படி கீழே போனதும், தோள் இறங்குகிற அளவுக்கு இளக்கமும் இடுப்பைத் தாங்குகிற அளவுக்கு விறைப்பும் சேர்ந்து கிடைத்தன. அன்றிலிருந்து அந்த வரிசை மாறவில்லை. சித்தி வீட்டுக் கட்டி விலையில் எங்கள் அடுக்கைவிடச் சற்றுக் குறைவுதான். ஆனால் எங்களுக்குக் கிடைத்த இந்த இரண்டாவது வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வலி ஓரிடத்தில் நிற்பதில்லை. இன்று தோளில் இருப்பது அடுத்த ஆண்டு இடுப்புக்கு வரலாம், உடல் எடை மாறலாம். அப்போது ஒரு ஷீட்டை மட்டும் மாற்றினால் போதும்.

இரட்டைக் கட்டிலுக்கு இந்த முறை இன்னும் பொருந்தும். இரண்டு ஒற்றை அளவு அடுக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே உறை போட்டால், கணவருக்கு ஒரு விறைப்பு, மனைவிக்கு வேறு விறைப்பு.

அடுக்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

ஷீட் வாங்கும்போது எடை போடுங்கள். மேலே சொன்ன அளவில் 80 டென்சிட்டி ஷீட் ஏறத்தாழ 7 கிலோ இருக்க வேண்டும். ஐந்துகூட இல்லையென்றால் வாங்காதீர்கள். எடை சரியாக இருந்தும் ஏமாற்ற வழி உண்டு. சுண்ணாம்புத் தூள், களிமண் தூள் போன்றவற்றைக் கலந்தால் எடை ஏறும், வலு ஏறாது. விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். மாவு மாதிரி உதிர்ந்தால் அது கலப்படம். ஷீட்டை ஒருபோதும் ஓரத்தைப் பிடித்து இழுக்காதீர்கள், கிழியும். இரண்டு பேர் அடியில் கையைக் கொடுத்து, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்க வேண்டும். மூன்று அடுக்கும் சேர்ந்தால் 20 கிலோ வரும், அம்மா தனியாகப் புரட்ட முடியாது. நேர்மையாகச் சொன்னால், இந்த முறையின் பெரிய குறை அதுதான்.

உறையில் நாங்கள் ஒரு தவறு செய்தோம். உழைக்கட்டும் என்று காடாத் துணியில் தைத்தோம். அது முரசுத் தோல்போல் இழுத்துக்கொண்டு நின்றது. கீழே எவ்வளவு நல்ல லேடெக்ஸ் இருந்தும் தோள் இறங்கவில்லை. அடுத்து திருப்பூர்ப் பனியன் துணியில் தைத்தோம். அது உடம்போடு சேர்ந்து இறங்கியது. மெத்தைக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு உறையில் கோட்டை விடாதீர்கள்.

அதைவிடப் பெரிய தவறு வெயில். அடுக்குக்கு முன்பு ஒரே ஒரு ஷீட் வாங்கி நார் மெத்தையின் மேல் போட்டிருந்தோம். இலவம்பஞ்சு மெத்தைக்குச் செய்த பழக்கத்தில் அம்மா அதை உறையைக் கழற்றி, சித்திரை வெயிலில் வாரத்துக்கு இரண்டு நாள் மொட்டை மாடியில் காயவைத்தார். ஆடியில் பார்த்தபோது மேற்பரப்பு மஞ்சளாகி, விரலால் தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. சூரிய ஒளி இயற்கை ரப்பரை அரித்துவிடும். எண்ணெயும் அப்படித்தான். வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுப்பவர்கள் உறைக்கு மேல் ஒரு தடித்த விரிப்புப் போட்டே ஆக வேண்டும். காயவைக்க வேண்டுமானால் நிழலில், மின்விசிறிக் காற்றில்.

ரப்பர் கையுறை போட்டாலோ பலூன் ஊதினாலோ அரிப்பும் தடிப்பும் வருகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் லேடெக்ஸ் பக்கம் போக வேண்டாம். அதேபோல், காலையில் எழுந்தபின் மூட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுகியே இருக்கிறது, வீங்கியும் இருக்கிறது என்றால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை. மெத்தை தேய்மானத்தைச் சரிசெய்யாது. இரவில் வலி எழுப்பாமல் இருக்க உதவும், அவ்வளவுதான்.

கையில் பணம் குறைவாக இருந்தால்

மூன்று ஷீட் வாங்க முடியாதவர்களுக்கு என் பரிந்துரை இது: தொய்யாத நார் மெத்தை ஏற்கெனவே இருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் 70 டென்சிட்டியில் இரண்டு அங்குல லேடெக்ஸ் ஷீட் ஒன்றும் பனியன் துணி உறையும் போதும். மூட்டுக்கு வேண்டியது மேல் இரண்டு அங்குலம், முதுகுக்கு வேண்டியது அடிப்பகுதி. நார் அந்த அடிப்பகுதி வேலையை நன்றாகவே செய்யும். முழு அடுக்கின் பலனில் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடும். நார் மெத்தை நடுவில் பள்ளமாகியிருந்தால் மட்டும் இது வேண்டாம். மேலே எதைப் போட்டாலும் அந்தப் பள்ளத்துக்குள்தான் போகும். கெட்டியாகப் படுத்தே பழகிய, மல்லாந்து படுக்கிற, 50 கிலோவுக்கு உட்பட்ட ஒல்லியானவர்களுக்குத் தனி நார் மெத்தையே ஒத்துப் போகலாம். புரள வேண்டிய தேவையே இல்லாமல் ஒரே நிலையில் உறங்குகிற, குளிரூட்டிய அறை உள்ளவருக்கு மெமரி ஃபோமும் தவறில்லை. ஒருக்களித்துப் படுக்கிற, தோளோ இடுப்போ வலிக்கிற, இரவில் பலமுறை புரள்கிறவருக்கு என் தேர்வு சந்தேகமில்லாமல் லேடெக்ஸ் அடுக்கு.

கட்டிலையும் ஒரு முறை பாருங்கள். இடைவெளியே இல்லாத பலகை என்றால் அடியில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். எங்கள் பிளைவுட்டில் தச்சர் வரிசையாகத் துளை போட்டுக் கொடுத்தார். சட்டங்கள் வைத்த கட்டில் என்றால் இடைவெளி மூன்று அங்குலத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் லேடெக்ஸ் அதற்குள் தொங்கும். பிறகு உயரம். ஆறு அங்குல அடுக்கை ஏற்றியதும் அம்மாவின் பாதம் தரையில் படியவில்லை. இறங்கும்போது முழங்காலில் குதித்து இறங்குவதுபோல் ஆயிற்று. அவரை நாற்காலியில் உட்காரவைத்து முழங்கால் மடிப்பிலிருந்து தரைவரை அளந்தோம்: 17 அங்குலம். அவர் உட்காரும்போது அடுக்கு ஒரு அங்குலம் அமுங்கும் என்று கணக்கிட்டுக் கட்டில் காலை நான்கு அங்குலம் அறுத்து, மொத்த உயரத்தை 18 ஆக்கினார் தச்சர். இப்போது இரண்டு பாதமும் தரையில் பதிய உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்துகொள்கிறார்.