பழைய ஜன்னல் நிலைக்கு ஒட்டு: அதே தேக்கா, சால் கட்டையா?

நாலு ஜன்னல் நிலைகள், எல்லாம் பழைய தேக்கு. மேலே தட்டினால் கணீரென்று இருக்கும். கீழ்ச்சட்டத்தில் ஸ்க்ரூடிரைவர் முனை அரை அங்குலம் இறங்கியது. மக்கியதை வெட்டியெடுத்துவிட்டு இரண்டு ஜன்னலுக்குத் தேக்கிலும் இரண்டுக்குச் சால் மரத்திலும் (வட இந்தியக் காடுகளில் விளையும் கனமான கட்டை) ஒட்டுப் போட்டேன். இன்றைக்குக் கேட்டால் தேக்கு என்றுதான் சொல்வேன். ஆனால் நான் எதிர்பார்த்த காரணத்துக்காக அல்ல.

சாலின் நியாயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். விலை குறைவு, கனம், வலு அதிகம், வைரம் பாய்ந்த கட்டை வெளியில் நன்றாகவே உழைக்கும். இழைப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும், அது வேறு கதை. பெயின்ட் அடிப்பதாக இருந்தால் நிற வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. வார்னிஷ் என்றால் ஒட்டு தனியாகத் தெரியும்.

முதல் மழைக்காலம் முடிந்ததும் போய்ப் பார்த்தேன். சால் ஒட்டு இரண்டிலும் சேரும் கோட்டில் பெயின்ட் மயிரிழையாக வெடித்திருந்தது. அதை எதிர்பார்த்தேன். தேக்கு ஒட்டிலும் ஒன்று அப்படியே வெடித்திருந்ததுதான் புரியவில்லை.

கட்டையின் வெட்டுமுகத்தைப் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. பழைய சட்டத்தில் ஆண்டு வளையங்கள் செங்குத்தாக நின்றன. நான் வைத்த துண்டில் படுத்துக் கிடந்தன. பச்சைத் தேக்கு முழுக்கக் காயும்போது வளையத்தின் போக்கில் சுமார் 5.3 சதவீதம் சுருங்கும். மையத்திலிருந்து பட்டை நோக்கிய திசையில் 2.6தான். நீளவாக்கில் அநேகமாக ஒன்றுமில்லை. 100 மி.மீ. அகலச் சட்டத்தில் ஈரம் 10 சதவீதத்துக்கும் 18 சதவீதத்துக்கும் இடையே ஏறி இறங்கினால், ஒரு துண்டு தோராயமாக 0.7 மி.மீ. அசையும், பக்கத்துத் துண்டு 1.4 மி.மீ. அசையும். பெயின்ட் அதைத் தாங்காது. அதாவது ஒரே மரத்தையே திருப்பி வைத்தால் அது வேறு மரம்தான்! வேறு மரம் என்றால் கேட்கவே வேண்டாம்: வெள்ளை ஓக் வளையத்தின் போக்கில் 10 சதவீதத்துக்கு மேல் சுருங்கும். சாலும் தேக்கைவிட அதிகமாக ஆடும் மரம்தான்.

கோடு வெடித்தால் அழகு கெடுகிறது என்பதோடு போவதில்லை. அந்த இழைவழியாக இறங்கும் தண்ணீர் நேராக வெட்டுமுகத்தில் சேரும். மரம் தண்ணீர் குடிக்கும் வாய் அது. ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே தங்கினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். புதுத் துண்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அதை ஒட்டிய பழைய மரம் மக்கும்.

அதனால் தேக்குக்கு என் ஓட்டு, சில நிபந்தனைகளோடு. புதுத் துண்டின் வளையம் பழைய சட்டத்தின் வளையத் திசையிலேயே நிற்கவேண்டும். பழைய கட்டடத்தில் கழற்றிய கட்டை கிடைத்தால் விடாதீர்கள். புதுக்கட்டையில் வெளிறு ஓரத்தை, அதாவது பட்டையை ஒட்டிய வெளிர்ந்த மரத்தை, முழுக்கச் சீவி எறியுங்கள், எந்த மரமானாலும் வெளிறு வெளியில் நிற்காது. ஒட்டும் முகத்தை அசிட்டோனால் துடைத்த கையோடு ஒட்டிவிடுங்கள். தாமதித்தால் தேக்கின் எண்ணெய் மறுபடி மேலே கசிந்து பசையைப் பிடிக்கவிடாது. சாய்வு வெட்டு 1:8 வைத்தேன் (ஒரு பங்கு கனத்துக்கு எட்டுப் பங்கு நீளம்), இதுவரை அசையவில்லை.

சால் கட்டையையும் வளையம் பார்த்து வைத்திருந்தால் தாங்கியிருக்குமோ என்னவோ, நான் செய்து பார்க்கவில்லை. கடற்காற்று படும் இடத்திலும் எனக்கு அனுபவம் இல்லை. எப்பாக்ஸி அடைப்பை விரல் நுனி அளவு ஓட்டைக்கு மட்டும் பயன்படுத்தினேன், அதற்கு மேல் துணியவில்லை.

மிச்சமிருந்த சால் கட்டையை வீணாக்கவில்லை. சட்டத்துக்குக் கீழே தண்ணீர் சொட்டும் பட்டையை அதில் செய்து, பசையே தடவாமல் பித்தளை ஸ்க்ரூவில் முடுக்கிவிட்டேன். அது தன் இஷ்டத்துக்கு உப்பட்டும், சுருங்கட்டும். மக்கினால் கழற்றி எறிய ஐந்து நிமிஷம்.