இத்தாலி கடற்கரையில் குடைக்கு 384 யூரோ ஏமாந்தோம், போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று இரவு பதினொன்றரைக்குத்தான் ஜெர்மனியில் எங்கள் ஊரான ஸ்டுட்கார்ட் வந்து சேர்ந்தோம். பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. பள்ளி விடுமுறை முடிய நாள் இருக்கிறது, நம்மவர்கள் நிறையப் பேர் காரை எடுத்துக்கொண்டு இத்தாலிப் பக்கம்தான் கிளம்புவார்கள். அதனால் இதை இன்றே எழுதுகிறேன்.

போனது 384 யூரோ. ஊர்க் கணக்கில் 35 ஆயிரம் ரூபாய்க்கு மேல். மூன்று நாளைக்கு இரண்டு குடை, நான்கு சாய்வுப் படுக்கை. அவ்வளவுதான் வாங்கினோம், அதுவும் கிடைக்கவில்லை.

திண்டுக்கல்லிலிருந்து அம்மா மூன்று மாத விசாவில் வந்திருக்கிறார். இரண்டு மூட்டிலும் வலி. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. அம்மா, நான், மனைவி, பிள்ளைகள் இருவர் என ஐந்து பேரும் ஒன்றாகக் கடலுக்குப் போக வேண்டும் என்பதுதான் இந்த ஆண்டுத் திட்டம். எந்தக் கடற்கரை என்று இரண்டு வாரம் பேசினோம். மனைவி ரிமினி என்றார். 15 கிலோமீட்டருக்கு மணல், ஆழமில்லாத தண்ணீர், பிள்ளைகளுக்குப் பயமில்லை. அங்கே குடை போட்டு வாடகைக்கு விடும் இடங்களுக்கு எண் இருக்கும், எண்ணைச் சொன்னாலே வழி காட்டுவார்கள். பிள்ளைகளோ பாறை மேல் வண்ண வண்ண வீடுகள் நிற்கும் சின்க்வே தெர்ரே படத்தைப் பார்த்துவிட்டு அங்கேதான் என்று பிடிவாதம். அங்குள்ள ஐந்து ஊர்களில் நான்கில் பாறையும் படகுத்துறையும் கூழாங்கல்லும்தான், பெரிய மணல் கடற்கரை என்றால் மொன்டெரோஸ்ஸோ ஒன்றுதான். சரி, பக்கத்து நகரமான லா ஸ்பெட்ஸியாவில் அறை எடுத்து, தினமும் ரயிலில் மொன்டெரோஸ்ஸோ போய் வரலாம் என்று முடிவு செய்தோம். அதுவரை தப்பு ஒன்றும் இல்லை. இப்போது யோசித்தால் மனைவி சொன்ன ரிமினிக்கே போயிருக்கலாம்.

இத்தாலி கடற்கரையில் நிறைய இடங்களில் குடையும் படுக்கையும் வரிசை வரிசையாகப் போட்டு நாள் வாடகைக்கு விடுவார்கள். லிடோ என்பார்கள், பாஞ்ஞோ என்றும் சொல்வார்கள். கடலை ஒட்டிய முதல் வரிசைக்கு விலை அதிகம். ஆகஸ்ட்டில், அதுவும் 15ஆம் தேதி பெர்ரகோஸ்தோ பண்டிகை வாரத்தில், இடம் கிடைப்பது பெரும்பாடு. இந்தப் பயம்தான் ஏமாற்றுகிறவர்களுக்கு முதலீடு.

தேடும்போது கடற்கரைக் குடைகளை முன்பதிவு செய்து தரும் ஓர் இணையதளம் வந்தது. பெயரை எழுதப் போவதில்லை, புகார் கொடுக்க இருக்கிறேன். பார்க்க நன்றாக இருந்தது. வரைபடம், வரிசை வரிசையாகச் சிறு கட்டங்கள், "முதல் வரிசையில் இன்னும் இரண்டுதான்" என்று சிவப்பு எழுத்து. கீழே வாட்ஸாப் எண். அம்மாவுக்கு மூட்டுவலி, மணலில் அதிக தூரம் நடக்க முடியாது, இடம் எப்படி இருக்கும் என்று கேட்டு எழுதினேன். இரண்டே நிமிடத்தில் பதில். மரப்பலகை நடைபாதை முடியும் இடத்திலேயே தருகிறேன், படுக்கையைச் சற்று உயரமானதாகப் போடச் சொல்கிறேன் என்றார். பிறகு கடற்கரை வரைபடத்தில் இரண்டு கட்டத்தைப் பச்சையாக்கி, அதில் எங்கள் குடும்பப் பெயரை எழுதி அனுப்பினார்.

அந்தப் படத்தில்தான் விழுந்தேன். அம்மாவிடம் காட்டினேன். "நம்ம பேரையே போட்டுட்டாங்களே" என்று அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். அதற்கு முன் "கடல்ல போய் உட்கார எதுக்குப்பா காசு?" என்று கேட்டவர் அவர்தான். நானும் அதையே அந்த ஆளிடம் கேட்டேன், இலவசமாக உட்கார இடமே இல்லையா என்று. மொன்டெரோஸ்ஸோவில் இலவசக் கடற்கரையே கிடையாது, பதிவு இல்லாமல் தண்ணீர்ப் பக்கமே விடமாட்டார்கள் என்று எழுதினார். பச்சைப் பொய். அந்தச் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது.

அப்புறம் கார்டு பக்கம் வேலை செய்யவில்லை. கோளாறு, வங்கி வழியாக உடனடிப் பரிமாற்றம் செய்தால் 10 சதவீதம் குறைத்துத் தருகிறேன் என்றார். குறைத்தது போகத்தான் 384. இத்தாலிக் கணக்கு என்றால் ஐபேன் எண், அதாவது சர்வதேச வங்கிக் கணக்கு எண், ஐ.டி. என்ற எழுத்துகளில் தொடங்க வேண்டும். அவர் கொடுத்தது வேறு நாட்டு எழுத்துகளில் தொடங்கியது. பார்த்தேன், பார்த்துவிட்டும் அனுப்பினேன்.

மொன்டெரோஸ்ஸோ ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே எதிரில் ஃபெஜீனா கடற்கரைதான். காலை ஒன்பதே முக்காலுக்கு, எங்களுக்குப் பதிவு செய்ததாகச் சொன்ன லிடோவின் கல்லாவில் நின்றோம். ஒரு இளம்பெண் பதிவேட்டைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், என் போனில் இருந்த பச்சைக் கட்டத்தையும் பார்த்தார். அந்த இரண்டு இடமும் ஒரு மிலான் குடும்பத்துக்கு மாதம் முழுவதற்கும் கொடுத்தாயிற்றாம். அந்த இணையதளத்தோடு தங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்றார். இந்த மாதத்தில் இப்படிக் கேட்டு வந்தவர்களில் நாங்கள் முதல் ஆள் இல்லையாம். அன்றைக்கு அங்கே ஒரு குடைகூட மீதி இல்லை. அந்தப் பெண் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, அம்மாவுக்கு உள்ளேயிருந்து நாற்காலி எடுத்துப் போட்டு, தண்ணீரும் கொடுத்தார்.

அங்கிருந்தே அந்த ஆளை அழைத்தேன். ஐந்து நிமிடத்தில் மேலாளரிடம் பேசிவிட்டு அழைக்கிறேன் என்றார். அரை மணி நேரம் கழித்து நான்தான் மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை. செய்தி அனுப்பினால் நீலக் குறி விழுகிறது, பதில் இல்லை. மாலையில் ஒரு மின்னஞ்சல்: 24 மணி நேரத்தில் தீர்வு. மறுநாள் இன்னொன்று: நீங்கள் குறித்த நேரத்தில் வரவில்லை என்று கடற்கரைத் தரப்பு சொல்கிறது, எனவே பணம் திரும்பாது. நாங்களா வரவில்லை? கல்லா முன்னால் அம்மாவோடு நின்று எடுத்த படத்தை நேரத்தோடு அனுப்பினேன். மூன்றாவது மின்னஞ்சலில் சட்டம் பேசினார்கள். இணையத்தில் வாங்கியதை 14 நாளில் ரத்து செய்யும் ஐரோப்பிய உரிமை, தேதி குறித்த பொழுதுபோக்குச் சேவைகளுக்குப் பொருந்தாதாம். அது உண்மைதான். ஆனால் அந்த விதி மனம் மாறி ரத்து செய்கிறவர்களுக்கானது. பணத்தை வாங்கிக்கொண்டு பொருளையே தராதவர்கள் அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ள முடியாது. அதையும் எழுதினேன். "உங்கள் கோரிக்கை முடித்து வைக்கப்பட்டது" என்று வந்தது. 384 யூரோவை வாங்கும்போது இரண்டு நிமிடத்தில் பதில் எழுதியவர்கள் இவர்கள்.

இதில் வயிறு எரிய வைத்தது வேறொன்று. அதே கடற்கரையின் மேற்கு ஓரத்தில், பாறையோடு ஒட்டி ஒரு பெரிய சிலை நிற்கிறது. 1910இல் கட்டிய நெப்டியூன் சிலை, 14 மீட்டர் உயரம், போரிலும் புயலிலும் கையும் திரிசூலமும் போய்விட்டது. அதற்குப் பக்கத்தில் இலவசக் கடற்கரை இருக்கிறது! கல்லாப் பெண்தான் கை காட்டினார். நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். போனபோது துண்டு விரிக்கக்கூட இடமில்லை, அது வேறு. காலையிலேயே போயிருந்தால் கிடைத்திருக்கும். கடைவீதியில் 22 யூரோவுக்குக் குடையும் ஒரு மடக்கு நாற்காலியும் வாங்கி, தண்ணீரிலிருந்து தள்ளி அம்மாவை உட்கார வைத்தோம். வெயில் நகர நகரக் குடையைப் பிடித்துக்கொண்டு நானும் மனைவியும் மாறி மாறி நின்றோம். எங்களுக்கு எவ்வளவு போயிற்று என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். பாதிதான் சொன்னேன்.

இதை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்: அங்கே கடற்கரை மணல் அரசுச் சொத்து. லிடோக்காரர்கள் உரிமம் எடுத்து நடத்துகிறவர்கள் மட்டுமே. தண்ணீர் வரை இலவசமாகப் போய் வர வழிவிட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் எண் 296லேயே இருக்கிறது. தண்ணீர் ஓரமாக 5 மீட்டர் அகலத்துக்கு யாரும் குறுக்கே எதையும் போட்டு மறிக்கக் கூடாது, நடந்து போகலாம். அவர்கள் குடைக்கும் படுக்கைக்கும்தான் காசு கேட்க முடியும், கடலுக்குக் கேட்க முடியாது. "எதுக்குப்பா காசு" என்று அம்மா கேட்டது சரி.

மறுநாள் அடுத்த நிலையமான லெவன்டோவுக்குப் போனோம், மொன்டெரோஸ்ஸோவிலிருந்து ரயிலில் ஐந்து நிமிடம். கடற்கரை பெரிது, கூட்டம் குறைவு. காலை எட்டரைக்கு ஒரு லிடோ கல்லாவில் நேராகக் கேட்டோம். நான்காவது வரிசையில் ஒரு குடை, இரண்டு படுக்கை, 38 யூரோ, கையில் ரசீது. அம்மா முதல்முறையாகக் காலை நீட்டிப் படுத்தார்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒன்பது மணிக்கு வங்கி திறக்கிறது, போக வேண்டும். அவசரத்துக்கு இவ்வளவு:

குடை வேண்டுமென்றால் லிடோவின் சொந்த எண்ணைத் தேடி அவர்களிடமே பேசுங்கள். நடுவில் நிற்கும் தளம் வழியாகப் பதிந்தாலும், லிடோவுக்கு ஒரு முறை போன் செய்து உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். நான் அந்த ஒரு போனைச் செய்யவில்லை. கார்டு தவிர வேறு வழியில் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். கார்டு என்றால் வங்கியிடம் முறையிட்டுத் திரும்பப் பெற வழி உண்டு, உடனடிப் பரிமாற்றத்தில் அந்தப் பக்கம் சம்மதிக்காமல் வராது என்று நேற்றே போனில் சொல்லிவிட்டார்கள். ஐபேனின் முதல் இரண்டு எழுத்தைப் பாருங்கள். ஊர்ப் பெயரோடு "ஸ்பியாஜ்ஜா லிபெரா" என்று தேடினால் இலவசக் கடற்கரை எங்கே என்று வந்துவிடும். வயதானவர்கள் கூட வந்தால் மடக்கு நாற்காலி ஒன்றைக் காரிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

போலீஸில் இணையப் புகார் கொடுத்துவிட்டேன். கேல் நகரில் இருக்கும் ஐரோப்பிய நுகர்வோர் மையத்துக்கும் இன்று எழுதுகிறேன். இதே போலப் பச்சைக் கட்டத்தில் பெயர் எழுதிய படம் வேறு யாருக்காவது வந்திருந்தால் சொல்லுங்கள், அந்தக் கணக்கு எண்ணும் என்னுடையதும் ஒன்றா என்று பார்த்துவிட வேண்டும்.